கோச்சிங் ஊரில் கவிஞனுக்கு யார் கோச்?

நீட்டுக்குப் படிக்க நாமக்கல்லுக்கு வருகிறார்கள். எழுத்து, ஓவியம், சினிமா என்று கிளம்புகிற பிள்ளை எங்கே போவது? ஒரு விசாரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நாமக்கல்லைச் சுற்றியுள்ள உறைவிடப் பள்ளி எதன் வாசலில் போய் நின்றாலும் ஒரே காட்சிதான். வெளி மாவட்டப் பதிவெண்களில் கார்கள், நாலைந்து குடும்பம் சேர்ந்து வாடகை பேசி வந்த வேன்கள். வேப்பமர நிழலில் பெட்ஷீட்டை விரித்துத் தூக்குப்போசியைத் திறக்கிறார் அம்மா. விடுதிச் சாப்பாட்டில் நாக்குச் செத்துப்போன பிள்ளை, கோழிக்குழம்பில் சோற்றைப் பிசைந்து தலை நிமிராமல் சாப்பிடுகிறான். அப்பாவின் கையில் போன வார டெஸ்ட் மார்க். "பிசிக்ஸ்ல மட்டும் ஏன் சாமி கொறையுது?" காம்பவுண்டுச் சுவர் நீளத்துக்கும் ஃபிளெக்ஸ். மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்களின் முகங்கள், ஒவ்வொரு முகத்துக்கும் கீழே மதிப்பெண்.

முட்டையும் லாரியும் போல மதிப்பெண்ணும் இந்த மாவட்டத்தின் சரக்கு. 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல், பிள்ளைகளை விடுதியில் தங்கவைத்து, அதிகாலையில் எழுப்பி, படிக்கவைத்து, பரீட்சை எழுதவைத்துத் தேற்றிவிடும் வித்தையில் தமிழ்நாட்டுக்கே வழிகாட்டியது. ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் என்றால் கன்னியாகுமரி அப்பாவுக்கும் புரியும்.

அந்த ஃபிளெக்ஸுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் நூறு பிள்ளைகளில் ஒன்றிரண்டாவது ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் கவிதை எழுதும். ஒன்று வாத்தியாரின் முகத்தை வரையும். ஒன்று மனசுக்குள் குறும்படம் ஓட்டிக்கொண்டிருக்கும். அது வாயைத் திறந்து சொன்னால் வீட்டில் கிடைக்கும் பதில் கொங்கு நாடு முழுக்க ஒன்றுதான்: "மொதல்ல ஒரு உத்தியோகத்துல உக்காரு கண்ணு. அப்பறம் எழுதிக்கலாம்."

இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் இப்போது புதிய வியாபாரம் ஒன்று கைப்பேசிக்குள் நுழைந்திருக்கிறது. இத்தனை நாளில் நாவல், இத்தனை வகுப்பில் திரைக்கதை, படைப்பாளிகளுக்கான தொழில் ஆலோசனை என்று விளம்பரங்கள் வந்து விழுகின்றன. பணம் கட்டலாமா, இதெல்லாம் சொல்லிக்கொடுத்து வருமா என்று பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கிறார்கள். கேள்வி புதிதல்ல. இந்த ஊருக்கு அதற்கு ஒரு பழைய பதில் உண்டு.

சோறு போட்டது சம்பளம்

மோகனூரில் 1888-ல் பிறந்த ராமலிங்கம் பிள்ளையின் தகப்பனார் போலீஸ்காரர். மகனும் அந்தத் துறைக்கே போகட்டும் என்பது அவர் ஆசை. மகனுக்கோ தூரிகைமேல் கண். தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தா, பள்ளியில் வாத்தியார் என்று உட்கார்ந்து பார்த்து, எதுவும் ஒட்டாமல் படம் வரையக் கிளம்பியவர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் படத்தை வரைந்து டெல்லி தர்பாருக்கு எடுத்துப்போய்த் தங்கப்பதக்கம் வாங்கினார். உருவப்படம் வரைவதுதான் அவருடைய தொழில். பாட்டு பின்னால் வந்தது. அரசரைத் தீட்டிய அதே மனிதர் உப்புச் சத்தியாகிரகத்துக்கு நடைப்பாட்டு எழுதினார், சிறைக்குப் போனார். 1949-ல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞர். அவருடைய 'மலைக்கள்ளன்' 1954-ல் எம்.ஜி.ஆர். நடித்துப் படமாகி, ஜனாதிபதி விருது பெற்ற முதல் தமிழ்ப் படமானது. இன்று சென்னைத் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடத்துக்கு அவர் பெயர். 'நாமக்கல் கவிஞர்' என்று எல்லோருக்கும் தெரிந்தவர், வயிற்றுப்பாட்டுக்கு ஓவியர் என்பதை ஊர்க்காரர்களே மறந்துவிட்டார்கள்.

சேலத்தில் கதை வேறு. ஏற்காடு சாலையில் 1935-ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த சினிமா ஆலை. அங்கே எழுத்தாளன் மாதச் சம்பளக்காரன். கலைஞர் கருணாநிதி சேலத்தில் குடியிருந்து 'மந்திரி குமாரி'க்கு வசனம் எழுதியது அங்கேதான். கண்ணதாசன் அந்த நிறுவனத்தின் 'சண்டமாருதம்' பத்திரிகையில் ஆசிரியராக இருந்தார். 'வளையாபதி'க்காகப் பாரதிதாசன் வந்தார். பெரியவர்களோடு உட்கார்ந்து, திட்டு வாங்கி, எழுதியதைக் கிழித்துப் போட்டு, மறுபடி எழுதி, மாதம் பிறந்தால் சம்பளமும் வாங்குவது! இதைவிடச் சிறந்த கோச்சிங் இன்றுவரை தமிழில் வந்ததாகத் தெரியவில்லை. ஸ்டூடியோ போய்விட்டது. நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. அதன் முன்னால் செல்ஃபி எடுக்கிறார்கள்.

பரமத்தி பக்கம் பொன்னேரிப்பட்டியில் பிறந்த கு.சின்னப்ப பாரதி விவசாயி, கட்சிக்காரர். 'தாகம்' எழுதியவர். கொல்லிமலை மக்களிடம் போய் 'சங்கம்' எழுதினார், ஆலைத் தொழிலாளர்களை வைத்து 'சர்க்கரை', நிலக்கரித் தொழிலாளர்களை வைத்து 'சுரங்கம்' எழுதினார். அவருக்குப் பயிற்சிக்கூடம் இயக்கம். பின்னாளில் நாமக்கல்லில் தன் பெயரிலேயே அறக்கட்டளை வைத்து, கடல் கடந்த தமிழ் எழுத்தாளர்களையும் அழைத்து விருது கொடுத்தார். 2022-ல் காலமானார்.

மற்றவர்களையும் எண்ணிப் பாருங்கள். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோ, சுஜாதா பெல் நிறுவனம், வண்ணதாசன் வங்கி, பூமணி கூட்டுறவுத் துறை, ஜெயமோகன் தொலைபேசித் துறை, இமையம் பள்ளி ஆசிரியர். 'மொதல்ல உத்தியோகத்துல உக்காரு' என்று சொன்ன அம்மா விவரம் தெரியாதவர் இல்லை. தமிழ் இலக்கியத்தின் புரவலர் சம்பளப் பட்டியல்தான். சிக்கல் என்னவென்றால், அந்த உத்தியோகங்கள் இப்போது அருகிவிட்டன. ஒப்பந்த வேலையில் பன்னிரண்டு மணி நேரம் உழைத்துவிட்டு வருகிறவனுக்கு ராத்திரி எழுத உடம்பு ஒத்துழைப்பதில்லை.

மொட்டை மாடி வகுப்பு

திருச்செங்கோடு கூட்டப்பள்ளியில் 1966-ல் பிறந்த பெருமாள்முருகனின் தகப்பனார், சினிமா கொட்டகையில் சோடாக் கடை வைத்திருந்தவர். அந்தக் கொட்டகை வாழ்க்கைதான் 'நிழல்முற்றம்' ஆனது. நாமக்கல் அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த காலத்தில் 'கூடு' என்ற பெயரில் மாதந்தோறும் அவர் நடத்திய சந்திப்பு, எழுத வருகிறவர்களுக்கு இந்த மாவட்டம் கொடுத்த உண்மையான பயிற்சி. இடம் அவர் வீட்டு மொட்டை மாடி. கட்டணம் கிடையாது, சான்றிதழ் கிடையாது. ஒருவர் கட்டுரை படிப்பார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள்.

வந்தவர்கள் யார் என்பது முக்கியம். அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ் எடுப்பவர்கள் பெரும்பாலும் குடும்பத்தில் முதல்முறையாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். வேறு பாடம் கிடைக்காமல் தமிழுக்கு வந்தவர்களும் உண்டு. மேலே சொன்ன ஃபிளெக்ஸில் இடம்பெறாத பிள்ளைகள். அவர்களிடம் அவர் எழுதச் சொன்ன விஷயம் லேசானதல்ல. உன் வாழ்க்கையில் சாதி எப்படி வந்தது, எழுது என்றார். அப்படி எழுதிய 32 கட்டுரைகள் 2013-ல் 'சாதியும் நானும்' என்று காலச்சுவடு வெளியீடாக வந்தன. அம்பை என்ற சி.எஸ்.லக்ஷ்மி அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். நாமக்கல் கிராமத்துப் பையன் ஒருவன் சிரட்டையில் காப்பி குடித்த கதையை டெல்லியில் ஆங்கிலத்தில் படித்தார்கள்.

அந்த மாணவர்கள் எல்லோரும் எழுத்தாளர்கள் ஆகவில்லை, ஆகவும் வேண்டியதில்லை. ஆசிரியர், பத்திரிகைக்காரர், அரசு ஊழியர் என்று எங்கெங்கோ போனாலும் தன் வாழ்க்கையைத் தானே வாக்கியமாக்கத் தெரிந்து போனார்கள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1936-லேயே எழுத்துப் பட்டறையைப் பட்டப்படிப்பாக்கிவிட்டது. அங்கே நடக்கும் சர்வதேச எழுத்தாளர் சந்திப்புக்கு 1970-களில் போய்வந்துதான் அசோகமித்திரன் 'ஒற்றன்' எழுதினார். அயோவாக்காரர்களும் அடிப்படையில் செய்வது இதைத்தான்: எழுதியதை நடுவில் வைத்து, நாலு பேர் படித்து, தாட்சண்யம் பார்க்காமல் பேசுவது. நாமக்கல் மாடியில் அது இலவசமாக நடந்தது.

எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத ஜனவரி

இதே ஊரில் நடந்த இன்னொன்றையும் படைப்பாளிகளின் தொழில் பற்றிப் பேசுகிறவர் தாண்டிப் போக முடியாது.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் வந்தது 2010-ல். கள ஆய்வுக்கு ரத்தன் டாடா அறக்கட்டளையின் நல்கை உதவியது. நான்கு வருடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பு வந்த பிறகு, 2014 டிசம்பரில் எதிர்ப்பு கிளம்பியது. புத்தகம் எரிக்கப்பட்டது, திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் 'அமைதிப் பேச்சுவார்த்தை'. நிபந்தனையற்ற வருத்தம் தெரிவித்து, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவதாக எழுத்தாளர் கையெழுத்துப் போட்டார். அடுத்து, எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று தானே அறிவித்தார். எல்லா நூல்களின் விற்பனையையும் நிறுத்தச் சொன்னார். பிறகு இடமாறுதல் வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போனார்.

தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் நீதிமன்றம் போனது. 2016 ஜூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்றது. எழுத்தாளன் மறுபடி எழுந்து எழுதட்டும் என்று தீர்ப்பை முடித்தது. எழுந்தார். 'பூனாச்சி' வந்தது. 'பூக்குழி'யின் ஆங்கில வடிவம் 2023-ல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் ஏறியது. 'ஆளண்டாப் பட்சி'யின் மொழிபெயர்ப்புக்கு அதே ஆண்டு ஜேசிபி பரிசு. எழுதியவருக்கு 25 லட்சம், மொழிபெயர்த்த ஜனனி கண்ணனுக்கு 10 லட்சம். 'வறுகறி' கதை 'சேத்துமான்' படமானது, வசனமும் அவரே. இடையில் ஆத்தூர் அரசுக் கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்தார்.

இந்தக் கதையை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு உறுத்துவது அந்த ஜனவரி 12 சாயங்காலம். ஊரே கொதிக்கும்போது ஆட்சியர் அலுவலக அறையில் ஒரு காகிதத்தை நீட்டினால் கையெழுத்துப் போடுவதா, வழக்கறிஞரை வரச் சொல்வதா, யாருக்குப் போன் செய்வது? இதை எந்த எழுத்துப் பயிற்சியும் சொல்லித் தருவதில்லை. அவருக்காவது அரசு வேலை இருந்தது, பதிப்பகம் கூட நின்றது, சங்கம் வழக்குப் போட்டது. முதல் தொகுப்பு போட்டிருக்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு இதில் ஒன்றுகூட இருக்காது.

பட்டறைச் சந்துகளில்

எழுத்தாளரோடு நிறுத்திக்கொள்வது சரியல்ல. நாமக்கல்லின் பெரிய கலைஞர் கூட்டம் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் இருந்தது. வெறும் சேஸிஸாக வரும் வண்டி, தச்சர், வெல்டர் கைபட்டு நிமிர்ந்ததும் கடைசியாக வருபவர் பெயின்டர். சாக்பீஸ் பொடி தடவிய நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து நடுவில் ஒரு சுண்டு. எழுத்துக்கு மட்டக்கோடு விழுந்துவிடும். அதன்மேல் மெல்லிய பிரஷ்ஷால் குலசாமி பெயர், முதலாளியின் பிள்ளைகள் பெயர், பின்பக்கம் கண் திருஷ்டிக்கு ஒரு கோர முகம். எழுத்துக்கு நிழல் போடும் விதத்தைப் பார்த்தே எந்தப் பட்டறை என்று சொல்லும் டிரைவர்கள் இருந்தார்கள்.

ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் வந்தது. கம்பெனியிலேயே கேபின் கட்டி வரும் வண்டிகள் பெருகின. சுவர் விளம்பரத்தை ஃபிளெக்ஸ் விழுங்கியது. சிலர் கோயில் வேலைக்குப் போனார்கள், சிலர் அதே ஸ்டிக்கர் கடையில் மௌஸ் பிடித்தார்கள், பலர் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வேலைக்கு. தொழில் மாறும்போது என்ன செய்யலாம் என்று சொல்ல அவர்களுக்கு ஒருவரும் இல்லை. இன்று ஃபிளெக்ஸ் கடை டிசைனரின் வேலையைச் செயற்கை நுண்ணறிவு எட்டிப் பார்க்கிறது. தொழில் ஆலோசனை அதிகம் தேவைப்படுவது இங்கேதான். அதை விற்கிறவர்களின் விளம்பரத்தில் இவர்கள் முகம் இருப்பதில்லை.

முப்பது ரூபாய்க் கணக்கு

எழுத்தில் எவ்வளவு வரும்? தமிழ்ப் பதிப்புலகில் பரவலான ராயல்டி பத்து சதவீதம். 300 ரூபாய் நாவலுக்கு 30 ரூபாய். ஆயிரம் பிரதி என்ற பழைய கணக்கு சுருங்கி, இப்போது முந்நூறு, ஐந்நூறு என்று அச்சிடுகிறார்கள். கேட்கக் கேட்க அச்சடிப்பதும் உண்டு. ஐந்நூறும் விற்றால் 15,000 ரூபாய். இரண்டு வருட உழைப்புக்கு, ஒரு கொத்தனாரின் இருபது நாள் கூலிகூட இல்லை. அதுவும் கணக்குக் கொடுக்கும் பதிப்பாளராக இருந்தால்.

ஆகவே பணம் எங்கிருந்து வரும் என்பதைப் பேச வேண்டும். மொழிபெயர்ப்பு உரிமை, திரைப்பட உரிமை, ஒலிநூல், பாடப்புத்தகம், மொழியாக்க வேலை. இவை ஒவ்வொன்றும் தனித்தனி உரிமை என்பதே பலருக்குத் தெரியாது. 'சர்கார்' படக் கதை யாருடையது என்ற விவகாரம் நினைவிருக்கும். 2007-லேயே 'செங்கோல்' என்ற கதையைத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிந்து வைத்திருந்த வருண் ராஜேந்திரன், பதினோரு வருடம் கழித்து 2018-ல் படத்தில் தன் பெயருக்கு நன்றி அட்டை வாங்கினார். அவர் கையில் இருந்தது அந்தப் பதிவு எண்.

> கையெழுத்துப் போடுமுன்...
>
> பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி எழுதி முடித்ததுமே உரிமை உங்களுடையது. பதிவு கட்டாயமில்லை, தகராறு வந்தால் சான்றாகும். ஆயுள் முழுக்கவும், அதற்குப் பிறகு 60 ஆண்டும் நீடிக்கும்.
>
> உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்துமூலம் இருக்க வேண்டும், கையெழுத்தும் வேண்டும். எந்த உரிமை, எத்தனை காலம், எந்த எல்லைக்குள், எவ்வளவு ராயல்டி என்று அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும்.
>
> சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், முதல் உரிமையாளர் பெரும்பாலும் முதலாளிதான்.
>
> 2012 திருத்தத்துக்குப் பிறகு, சினிமாவுக்குப் பாட்டும் எழுத்தும் தந்தவர்களுக்கு, தியேட்டரில் திரையிடுவது தவிர்த்த பயன்பாடுகளின் ராயல்டியில் சமபங்கு உண்டு. அதை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினாலும் செல்லாது.

யாரிடம் போகலாம்?

முதலில், யாரிடம் போகக் கூடாது என்பது. 'கவிதை அனுப்புங்கள், கூட்டுத் தொகுப்பில் வெளியிடுகிறோம்' என்று பணம் வாங்கி, ஒரு பக்கம் ஒதுக்கி, சான்றிதழும் பட்டமும் தருகிற கடைகள் கல்லூரிகளைச் சுற்றி வளர்ந்திருக்கின்றன. அந்தப் புத்தகத்தை அதில் எழுதியவர்களே வாங்குவார்கள், வேறு யாரும் படிக்க மாட்டார்கள். வெளியிடுவதற்கு எழுதியவரே பணம் கட்ட வேண்டும் என்றால் அது அச்சகச் சேவை; அந்தப் பெயரிலேயே விலை பேசுங்கள். கட்டணப் பயிற்சிகளிலும் ஒரு கேள்வி போதும்: நடத்துகிறவர் உங்கள் எழுத்தை வரி வரியாகப் படித்துத் திருத்தித் தருவாரா? ஊக்கப் பேச்சு மட்டும் என்றால் யூடியூபில் சும்மா கிடைக்கிறது.

நல்ல வழிகளும் இருக்கின்றன. முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்காக மத்திய அரசு 2021-ல் நேஷனல் புக் டிரஸ்ட் மூலம் தொடங்கிய 'யுவா' திட்டத்தில் முதல் சுற்றில் 75 பேரைத் தேர்ந்தெடுத்து, வழிகாட்டி எழுத்தாளரையும் கொடுத்து, மாதம் 50,000 ரூபாய் வீதம் ஆறு மாதம் உதவித்தொகை தந்தார்கள். நூலுக்கு ராயல்டி தனி. தமிழிலும் எழுதலாம். தலைப்பை அரசே வகுக்கிறது என்ற வரம்பு உண்டு. அதைத் தெரிந்துகொண்டு விண்ணப்பிக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடி எழுத்தாளர்கள் நூல் வெளியிட மாநில அரசு நிதி தருகிறது. 2023-ல் தொடங்கிய சென்னை பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி, தமிழ் நூல்களின் மொழிபெயர்ப்புக்கு மானியம் கொடுக்கிறது. பக்கத்து ஈரோடு மாவட்டத்தில், அந்தியூர் மலையில் ஜெயமோகனும் நண்பர்களும் இலக்கியம், தத்துவம், கலை என்று முகாம்கள் நடத்துகிறார்கள். அமேசான் கிண்டில் தமிழை ஏற்கிறது, பிரதிலிபி செயலியில் தொடர்கதைக்குப் பெரிய வாசகர் கூட்டமே இருக்கிறது. இலக்கியவாதிகள் முகம் சுளித்தாலும், வீட்டில் இருந்தபடி எழுதும் பெண்கள் பலருக்கு முதல் வருமானம் அங்கேதான் வந்தது.

இவற்றில் எத்தனை நாமக்கல் கல்லூரி அறிவிப்புப் பலகை வரை வந்து சேர்கின்றன என்பதுதான் கேள்வி.

கோரிக்கை பெரியதில்லை. 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் ஒவ்வொரு அரசுக் கல்லூரிக்குள்ளும் தொழில் வழிகாட்டலைக் கொண்டுபோயிருக்கிறது. அதன் பயிற்சிப் பட்டியலில் மெய்ப்புத் திருத்தம், பதிப்பாசிரியர் பணி, மொழிபெயர்ப்பு, பதிப்புரிமை ஒப்பந்தம் ஆகியவற்றைத் தமிழ்த் துறை மாணவர்களுக்காகச் சேர்க்கலாம். சொல்லித்தரத் தகுதியானவர்கள் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். உறைவிடப் பள்ளிகள் வாரம் ஒரு மணி நேரம் டெஸ்ட் இல்லாமல் நூலகத்தைத் திறந்துவிடலாம், மார்க் குறைந்துவிடாது.

பெற்றோருக்கும் ஒன்று. பிள்ளை எழுதுகிறது என்று தெரிந்தால் உத்தியோகத்துக்குப் போகச் சொல்லுங்கள், தப்பில்லை. நோட்டை மட்டும் பிடுங்காதீர்கள். நாளைக்கு அதன் கையில் யாராவது ஒப்பந்தத்தை நீட்டினால், கையெழுத்துக்கு முன்னால் ஊரில் உள்ள ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். நிலப் பத்திரத்துக்குச் செய்வதுதானே!